காஸும் எக்ஸ்க்ளூசிவும்: ஒரு மறுப்பு

ஆங்கிலத்தின் 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற சொல்லுக்கு உருதுவில் நிகர் கிடையாது, ஏனெனில் அம்மொழிக்கு எவரையும் வெளியே நிறுத்தத் தெரியாது: இப்படியொரு வாசகத்தை, சொற்கள் முன்பின்னாக மாறிய நிலையில், இலக்கியக் கூட்டங்களிலும் சிற்றிதழ்ப் பக்கங்களிலும் நாம் பலமுறை கேட்டாயிற்று. கூறுபவர் பெரும்பாலும் கஜல் அன்பராக இருப்பார். இரண்டு ஷேர்களைச் சொல்லிவிட்டு, ஆங்கிலம் கதவை அடைக்கும் மொழி என்பார், உருது விருந்துக்கு அழைக்கும் மொழி என்பார். அவையில் கைதட்டல் விழும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. உண்மை அப்படி இல்லை.

இதை ஒரு மேடைச் சொல்லலங்காரம் என்று விட்டுவிடலாமே, ஏன் வரிந்து கட்ட வேண்டும் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். தமிழ் வாசகருக்கு உருது இலக்கியம் வந்து சேர்வது பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக. மண்ட்டோவையும் இஸ்மத் சுக்தாயையும் நம்மில் மிகப் பலர் அப்படித்தான் படித்தோம். உருதுச் சொல் ஆங்கிலச் சொல்லாகி, ஆங்கிலச் சொல் தமிழ்ச் சொல்லாகி நம் கையில் விழுகிறது. இந்த இரண்டு தாவல்களுக்கு நடுவில் 'உருது என்றால் அரவணைப்பு' என்ற முன்முடிவும் சேர்ந்துகொண்டால், மூலத்தில் இருக்கும் வன்மம் மொழிபெயர்ப்பில் காணாமற்போகிறது, மூலத்தில் இல்லாத தேன் வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் வழக்கு இந்த இழப்பைப் பற்றியது.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்து வைப்போம். எக்ஸ்க்ளூசிவ் என்பது லத்தீன் வேரிலிருந்து வருவது. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'க்ளாடரே' என்றால் அடைத்தல். ஒருவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவதே அதன் மூலப்பொருள். உருதுவின் 'காஸ்' அரபியிலிருந்து வருவது. அதன் வேர் ஒன்றைத் தனித்து எடுத்தல், ஒருவருக்கென்று ஒதுக்கி வைத்தல் என்ற பொருளைத் தருவது. அதில் கதவும் இல்லை, வெளியே நிற்பவனும் இல்லை. ஆகவே ஆங்கிலத்தான் விலக்குகிறான், உருதுக்காரன் தேர்ந்தெடுக்கிறான். இதுதான் வாதம்.

இதன் முதற்பாதியை நாம் மறுக்கப்போவதில்லை. இன்னும் கூடுதலாகவே சான்று தருவோம். ஆங்கிலத்தில் இச்சொல் பெருமைக்குரிய அடைமொழியாக மாறிய கதை விசித்திரமானது. 1679 முதல் 1681 வரை இங்கிலாந்து நாடாளுமன்றத்தை உலுக்கிய விலக்கு மசோதா, கத்தோலிக்கரான யார்க் கோமகன் ஜேம்ஸை அரியணை வரிசையிலிருந்து அகற்ற முயன்றது. அங்கே அச்சொல் வெளிப்படையான பகைச்சொல். அடுத்த நூற்றாண்டில் லண்டனின் கிங் தெருவில் 1765-இல் ஆல்மாக்ஸ் என்ற கூடம் திறக்கப்பட்டது. புதன்கிழமை தோறும் நடனம். உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டை வழங்குவதும் மறுப்பதும் சில சீமாட்டிகளின் கையில் இருந்தது. பணம் இருந்தால் மட்டும் போதாது. பணம் மட்டுமே வைத்திருப்பவனை வெளியே நிறுத்தவே அந்த ஏற்பாடு என்றும் சொல்லலாம். இந்த வட்டத்தினரைக் குறிக்க எக்ஸ்க்ளூசிவ் என்பது பெயர்ச்சொல்லாகவே வழங்கலாயிற்று. 1830-இல் லேடி சார்லட் பரி எழுதிய நாவலின் தலைப்பே 'தி எக்ஸ்க்ளூசிவ்ஸ்'. வெளியே தள்ளுதல் என்ற வினை, உள்ளே இருப்பவர்களின் பட்டமாகிவிட்டது. தள்ளப்பட்டவன் சொல்லுக்குள்ளிருந்தே மறைந்துபோனான்.

மறைந்துபோனான் என்பதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். அவன் வேறொரு சொல்லுக்கு இடம்பெயர்ந்தான். 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியபோது அது சீனர் விலக்குச் சட்டம் என்று அறியப்பட்டது. 1943 வரை அது நீடித்தது. ஒரே வேரின் பெயர்ச்சொல் துறைமுகத்தில் நின்று கூலிக்காரனைத் திருப்பி அனுப்பியது, அதன் பெயரடை விடுதி வாசலில் நின்று கனவானை வரவேற்றது. ஜார்ஜ் ஆர்வெலின் 'பர்மிய நாட்கள்' (1934) இந்த இரண்டையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்துக் காட்டுகிறது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக உள்ள ஒரு சிற்றூர் கிளப், அதில் ஒரு சுதேசியைச் சேர்க்கலாமா என்ற கேள்வி, அதைச் சுற்றி ஒரு சதி. உறுப்பினராக ஏங்கும் டாக்டர் வீராசாமி, பெயரை வைத்துப் பார்த்தால் நம் பக்கத்துக்காரர். இறுதியில் அவர் பதவி இறக்கப்பட்டு மாண்டலேக்கு மாற்றப்படுகிறார். அவருக்குக் குழி பறித்த ஊ போ சின்னுக்கு கிளப்பில் இடம் கிடைக்கிறது. கதவு திறப்பதாலேயே நியாயம் நடந்துவிடாது என்பதை ஆர்வெல் அறிந்திருந்தார்.

இன்னொன்று. 'எக்ஸ்க்ளூசிவ்' கெட்ட சொல், 'இன்க்ளூசிவ்' நல்ல சொல் என்று இன்று எல்லா அறிக்கைகளிலும் ஓதப்படுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. வெளியே விட்டு அடைப்பது முன்னது, உள்ளே விட்டு அடைப்பது பின்னது. அடைப்பு இரண்டிலும் உண்டு. வேரை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இனி உருதுவுக்கு வருவோம். இங்கேதான் நம் கஜல் அன்பர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

'காஸ்' தனியே நிற்கும் சொல் அன்று. 'ஆம்' என்ற எதிர்ச்சொல் இல்லாமல் அதற்கு உயிர் இல்லை. (தமிழ்க் காதுக்கு 'ஆம்' என்பது ஒப்புதல் மொழி. உருதுவில் அது 'பொது', 'சாமானியம்'. ஒலிப்பில் மாம்பழமும் அதுவே, எழுத்து வேறு.) 1639-இல் தொடங்கி 1648-இல் முடிந்த ஷாஜஹானின் தில்லிச் செங்கோட்டையில் திவான்-இ-ஆம் முன்னே இருக்கிறது, திவான்-இ-காஸ் பின்னே இருக்கிறது. நடுவில் முற்றங்களும் வாயில்களும் காவலும் இருந்தன. கதவே இல்லாத சொல் என்றார்களே, அந்தச் சொல்லைக் கல்லில் கட்டியபோது எத்தனை கதவுகள் தேவைப்பட்டன என்று போய்ப் பார்க்கலாம். காஸ் மண்டபத்தின் சுவரில் இதுவே பூலோக சொர்க்கம் என்று பெருமை பேசும் பாரசீக ஈரடி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. சொர்க்கத்துக்கு அங்கே வழங்கும் சொல் 'ஃபிர்தௌஸ்'. அச்சொல்லின் பழைய ஈரானிய மூலத்துக்குச் சுற்றிலும் மதில் எழுப்பிய தோட்டம் என்று பொருள். மதிலை மறந்துவிட்டுத் தோட்டத்தை மட்டும் முகர்வதே நம் அன்பர்களின் பழக்கம்.

என்றாலும் காஸ் என்ற சொல் நடந்து வந்த பாதை ஆங்கிலச் சொல்லின் பாதையிலிருந்து ஓரிடத்தில் உண்மையாகவே பிரிகிறது. அதை மறைப்பது நியாயமாகாது. அது மன்னனுக்கு உள்ள அண்மையை அளக்கும் சொல். எனவே பிரபுவையும் அது குறித்தது, பணியாளனையும் குறித்தது. காஸின் பன்மையான 'கவாஸ்' மேன்மக்களைக் குறிக்கும், அந்தரங்கப் பணியாளரையும் பணிப்பெண்ணையும் குறிக்கும். 1884-இல் வந்த பிளாட்ஸின் உருது அகராதியில் இரண்டு பொருளையும் காணலாம். யானை அம்பாரியில் எசமானனுக்குப் பின்னால் ஏவலன் அமரும் இருக்கைக்கு 'கவாஸி' என்று பெயர். மன்னனின் துப்பாக்கியைச் சுமப்பவன் 'காஸ்-பர்தார்'. மூடி போட்ட வெற்றிலைப் பேழைகூட 'காஸ்தான்'தான். ஆல்மாக்ஸில் தட்டு ஏந்திய சேவகனை எவரும் எக்ஸ்க்ளூசிவ் என்று அழைத்திருக்க மாட்டார்கள். உருதுவில் அப்படி அழைக்க முடிந்தது. ஆனால் இதைச் சமத்துவம் என்று கொண்டாடுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். அடிமைக்கும் அமைச்சனுக்கும் ஒரே பெயர் வாய்ப்பது, இருவரும் ஒரே ஆளுக்கு உடைமையாக இருக்கும் இடத்தில்தான்.

அந்த மண்டபத்தின் கதையும் முடிவுக்கு வந்தது. 1858 ஜனவரியில் பகதூர் ஷா ஜஃபரை ஆங்கிலேயர் விசாரணைக்கு நிறுத்தியது திவான்-இ-காஸிலேயே. எவருடைய அண்மையால் அவ்விடத்துக்கு அப்பெயர் வந்ததோ அவரே அங்கே குற்றவாளியாக அமர்ந்திருந்தார்.

சரி, அரண்மனையை விடுவோம், மொழியைப் பார்ப்போம் என்பார்கள். மொழியைத்தான் பார்க்க வேண்டும். சொத்துரிமையைப் பற்றியோ அதிகாரத்தைப் பற்றியோ பேசும்போது உருது ஒரு தொடரைப் பயன்படுத்துகிறது: 'பிலா ஷிர்கத்-எ-கைரே'. வேற்றாள் எவருடைய பங்கும் இன்றி என்பது நேர்ப்பொருள். ஒரு நிலத்துக்கு ஒருவன் பிலா ஷிர்கத்-எ-கைரே உரிமையாளன் என்றால் அது ஆங்கிலச் சட்ட மொழியின் எக்ஸ்க்ளூசிவ் உரிமைக்கு அச்சு அசலான நிகர். போதாக்குறைக்கு, ஆங்கிலச் சொல்லில் மறைந்துபோன அந்த வேற்றாள் இதில் 'கைர்' என்ற பெயரோடு நிற்கிறான். உருதுவுக்கு விலக்கத் தெரியாது என்பவர்கள் ஒரேயொரு பத்திரப் பதிவைப் படித்திருந்தாலும் இந்த விவாதத்துக்கே இடம் நேர்ந்திராது.

இலக்கிய வரலாறோ இன்னும் கடுமையானது. உருதுக் கவிதையின் தொடக்ககால வளம் தக்காணத்தினுடையது. கோல்கொண்டாவும் பீஜப்பூரும் கவிதை செய்துகொண்டிருந்தபோது தில்லி பாரசீகத்தில் எழுதிக்கொண்டிருந்தது. 1720 வாக்கில் வலீ தக்கனியின் கவிதைத் தொகுப்பு தில்லிக்கு வந்து சேர்ந்த பின்னரே அங்குள்ள புலவர்களுக்குத் தங்கள் வாயிலிருந்த மொழியில் கவிதை எழுதலாம் என்ற துணிவு பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கடனை அடைத்த விதம் எப்படி? 1752-இல் மீர் தமது கவிஞர் வரலாற்று நூலில், ரேக்தா தக்காணத்திலிருந்து வந்ததென்றாலும் அங்கே கோவையாக எழுதும் கவிஞர் தோன்றவில்லை என்ற தொனியில் ஒரே வீச்சில் ஒதுக்கினார். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து ஷா ஹாதிம் தம் பழைய கவிதைகளைத் தாமே களையெடுத்துப் புதிய தொகுப்பாக்கி, எந்தெந்தச் சொற்களைக் கைவிட்டேன் என்று முன்னுரையில் அறிவித்தார். இப்படிக் கைவிடப்பட்ட சொற்களுக்கு 'மத்ரூக்' என்று பெயர். தக்காணத்துச் சொல்லும் நாட்டுப்புறச் சொல்லும் இதில் பெருவாரியாக வெளியேறின. பின்னர் லக்னோவில் நாசிகின் மரபினர் இதை ஒரு சாத்திரமாகவே ஆக்கினர். இன்ஷா அல்லா கான் 1807 வாக்கில் உருது இலக்கணம் எழுதியபோது (அதையும் பாரசீகத்தில் எழுதினார் என்பது தனி வேடிக்கை) தில்லிக்குள்ளேயே எந்தப் பேட்டைக்காரர் பேச்சு செல்லும், எவருடையது செல்லாது என்று கணக்கெடுத்தார். 'அஹ்ல்-எ-ஜபான்', அதாவது மொழிக்கு உரியவர், என்ற பட்டம் தில்லி லக்னோ மேட்டுக்குடிகளுக்கே உரித்தாயிற்று. ஐதராபாத்துக்காரனும் பஞ்சாபியும் எவ்வளவு எழுதினாலும் வாசலிலேயே நின்றார்கள்.

1880-இல் வெளிவந்த முகம்மது ஹுசைன் ஆஸாத்தின் 'ஆப்-எ-ஹயாத்' என்ற இலக்கிய வரலாறு அழகான உரைநடை. அதை எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. அதில் பெண் கவிஞர்களுக்கும் இந்துக் கவிஞர்களுக்கும் ஏறத்தாழ இடமே இல்லை. முதற்பதிப்பில் மோமினையே விட்டுவிட்டார், இரண்டாம் பதிப்பில்தான் சேர்த்தார். விருந்துக்கு அழைக்கும் மொழி என்றார்களே, பந்தியில் இலை போடும் முறை இதுதான்.

உச்சத்துக்கு வருவோம். 1948 மார்ச் 21 அன்று டாக்கா மைதானத்தில் ஜின்னா பாகிஸ்தானின் அரசு மொழி உருதுவே, வேறெதுவும் அன்று என்று அறிவித்தார். நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் வங்காளம் பேசுபவர்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 அரசியலமைப்பு வங்காளத்தையும் ஏற்றது, ஆனால் காயம் ஆறவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜின்னாவின் அந்த டாக்கா உரை ஆங்கிலத்தில் நிகழ்த்தப்பட்டது. உருதுவின் ஏகபோகத்தை அறிவிக்க உருது போதவில்லை. நம் அன்பர்கள் இரண்டு மொழிகளையும் தேவன், அசுரன் என்று எதிரெதிரே நிறுத்துகிறார்கள். வரலாற்றில் அவை ஒரே மேடையில் கைகோத்து நின்றிருக்கின்றன.

அதே உருது இந்தியாவில் விலக்கப்படும் மொழியாகவும் வாழ்கிறது. 1900-இல் ஐக்கிய மாகாணப் பகுதியின் ஆளுநர் மக்டானல் நீதிமன்றங்களில் நாகரி எழுத்தையும் அனுமதித்து ஆணையிட்டார். நாகரியை மட்டுமே என்று அவர் சொல்லவில்லை. அந்த 'உம்' விகுதியே பெரும் பூசலாக வெடித்தது. தம் மொழிக்கு இருந்த தனியுரிமை போவதை உருதுக்காரர்கள் தம் மொழியே போவதாக உணர்ந்தார்கள். இந்த உணர்ச்சி பொய் என்று நாம் சொல்ல மாட்டோம், அடுத்து வந்த பத்தாண்டுகள் அந்த அச்சத்தைப் பெரிதும் மெய்ப்பித்தன. மகாராஷ்டிரத்தின் பாத்தூர் நகராட்சிப் பெயர்ப்பலகையில் மராத்திக்குக் கீழே உருதுவும் இருக்கக்கூடாது என்று வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஏப்ரலில் அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. ஒரு பலகையில் ஒரு வரி. மொழி எதுவாயினும் அதன் குணம் அது யார் கையில், எந்த இடத்தில், பெரும்பான்மையாகவா சிறுபான்மையாகவா இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேர்ச்சொல்லில் அந்தக் குணத்தைத் தேடுவது கைரேகை பார்ப்பதற்குச் சமம். (வேர்ச்சொல்லைக் கொண்டு இனத்தின் மனத்தை அளக்கும் நோய் தமிழ்த்துறைகளில் எவ்வளவு முற்றியது என்பதை நாம் அன்றாடம் பார்த்து வருகிறோம். ஆகவே அறிகுறி தெரிகிறது.)

அப்படியானால் இரண்டு மொழிகளுக்கும் இவ்விஷயத்தில் வேறுபாடே இல்லையா? இருக்கிறது. அன்பர்கள் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவே. எக்ஸ்க்ளூசிவ் என்று ஆங்கிலத்தில் சொல்பவன் உள்ளே இருக்கிறான். கஜலில் பேசுபவனோ எப்போதும் வெளியே நிற்கிறான். காதலியின் சபையில் விளக்கு எரிகிறது, மது பரிமாறப்படுகிறது, 'கைர்' உள்ளே அமர்ந்திருக்கிறான், காதலனைத் தெருவில் வாயிற்காவலன் மறிக்கிறான். இருநூறு முந்நூறு ஆண்டுகளாக உருதுக் கவிஞர்கள் இந்த ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். விலக்குதலின் அகராதியில் உருதுவுக்குக் குறைவில்லை. விலக்கப்பட்டவனின் குரலை நடுநாயகமாக்கிய கவிதை வடிவம் அதற்கு வாய்த்தது. அதை எழுதியவர்கள் பெரும்பாலும் பகலில் தர்பாரில் இடம் தேடி அலைந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காலிப்பைப் பற்றி ஆஸாத் சொல்லும் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. 1842-இல் தில்லிக் கல்லூரியில் பாரசீக ஆசிரியர் பணிக்காக அரசுச் செயலர் தாம்சனைக் காணப் போகிறார். பல்லக்கு வாசலில் நிற்கிறது. வழக்கம்போல் துரை வெளியே வந்து வரவேற்பார் என்று காத்திருக்கிறார். தாம்சன் வந்து, தர்பாருக்கு விருந்தினராக வந்தால் வரவேற்பு உண்டு, வேலைக்கு வந்தால் இல்லை என்று விளக்குகிறார். இருக்கும் மரியாதையைக் கூட்டிக்கொள்ளவே அரசுப் பணி வேண்டினேன், குறைத்துக்கொள்ள அன்று என்ற பொருள்படச் சொல்லிவிட்டு காலிப் திரும்பிவிடுகிறார். இக்கதையைச் சுயமரியாதைக்குச் சான்றாக மேடைகளில் சொல்கிறார்கள். சான்றுதான். ஆனால் அவர் கோரியது என்ன? தாம் காஸ் என்ற அங்கீகாரம். அது கிடைக்காதபோது பொதுவில் ஒருவராக உள்ளே நுழைய அவருக்கு மனமில்லை. வெளியே நிற்பவனின் துயரத்தை உலகக் கவிதையாக்கிய மனிதர் தம் வாழ்வில் காஸ் மண்டபத்தை எதிர்த்தவர் அல்லர், அதன் வாசலைத் தமக்காகத் திறக்கச் சொன்னவர். இந்த முரணை விழுங்கிவிட்டு காலிப்பை அரவணைப்பின் தூதராக்கினால், அவருடைய கசப்பை நாம் சர்க்கரையாக விற்கிறோம்.

நடைமுறைக்கு வருவோம். காஸ் வேரிலிருந்து வரும் 'குஸூஸி' என்ற சொல் இன்று உருதுப் பத்திரிகைகளில் 'ஸ்பெஷல்' என்பதற்கும் வருகிறது, 'எக்ஸ்க்ளூசிவ்' என்பதற்கும் வருகிறது. சிறப்பு நிருபரும் குஸூஸி, வேறெவருக்கும் கிடைக்காத பேட்டியும் குஸூஸி. அதே வேரின் 'மக்ஸூஸ்' இன்னொரு திசையில் போயிருக்கிறது. பாகிஸ்தான் சட்டமன்றங்களில் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு 'மக்ஸூஸ் நஷிஸ்தேன்' என்று பெயர். விலக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரும் ஏற்பாட்டுக்குக் காஸின் உடன்பிறப்பு உதவுகிறது. ஆங்கிலம் வழி மொழிபெயர்ப்பவர் ஒரு கதையில் மக்ஸூஸைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? மன்னனின் அந்தரங்கமா, சங்கத் திமிரா, இட ஒதுக்கீடா என்று இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே களிம்பு இருக்கிறது: பிரத்தியேகம்.

பாவம் அந்தச் சொல். வடமொழியில் 'பிரதி' சேர்ந்த 'ஏகம்', ஒவ்வொன்றும், ஒவ்வொருவரும் என்று பொருள். இந்தியில் இன்றும் அப்படித்தான் வழங்குகிறது. தமிழுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் என்பது ஒருவர் மட்டும் என்றாகிவிட்டது. நாம் மொழித்தூய்மை பேசவில்லை. சொற்கள் பொருள் மாறுவது இயல்பு. நம் மனக்குறை வேறு. பிரத்தியேகம் என்ற சொல்லில் வெளியே நிற்பவன் சுத்தமாக இல்லை. பிரத்தியேகப் பேட்டி, பிரத்தியேகக் குடியிருப்பு, பிரத்தியேக நுழைவாயில் என்று எழுதும்போது யாருக்கு இல்லை என்ற கேள்வி எழுவதேயில்லை. சிறப்பு என்று போட்டால் அதைவிட மோசம், விலக்கு விழாவாகிவிடும். இவ்வகையில் நம் கடை ரசீது நம் மொழிபெயர்ப்பாளர்களைவிட நேர்மையானது. 'வரி நீங்கலாக' என்று அது அச்சிடுகிறது. எது உள்ளே இல்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்கிறது. துணிக்கடையின் 'எக்ஸ்க்ளூசிவ் ஷோரூம்' பலகையிலும் பெரிய கர்வம் கிடையாது, இங்கே புடவை மட்டும்தான், வேட்டிக்கு அடுத்த கடைக்குப் போங்கள் என்பதே அதன் பொருள். இலக்கிய மொழிபெயர்ப்பில் 'மட்டுமே', 'நீங்கலாக', 'பிறர்க்கு இல்லாத', 'ஒதுக்கிய' என்று இடத்துக்கு ஒரு சொல் வைக்க நமக்கு என்ன தடை?

இனி, தமிழுக்கே உரிய ஒரு பொறுப்பு இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் உருதுவுக்கும் தன்மைப் பன்மையில் ஒரே சொல்: அங்கே 'வீ', இங்கே 'ஹம்'. கேட்பவன் அதில் அடங்குவானா மாட்டானா என்பது சொல்லிலிருந்து தெரியாது. தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் உண்டு, 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. இலக்கணம் படித்தவர்கள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பதை நினைவுகூரலாம். மொழியியலார் இவ்வேறுபாட்டைக் குறிக்க இன்க்ளூசிவ், எக்ஸ்க்ளூசிவ் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஐரோப்பியருக்கு இது புதுமையாக இருந்தது. 1560-இல் பெருவின் கெச்சுவா மொழிக்கு இலக்கணம் எழுதிய தோமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் இதை வியந்து விளக்க வேண்டியிருந்தது. குஜராத்தியும் மராத்தியும் இவ்வேறுபாட்டைக் கொண்டிருப்பது திராவிட மொழிகளின் அண்மையால் என்பர். உருதுவின் ஹம் மட்டும் இன்னும் வாய் திறக்காமலே இருக்கிறது. கஜலில் அது பெரும்பாலும் 'நான்' என்பதற்கே நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு ஹம்மிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கதவைத் திறக்கவோ அடைக்கவோ வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பிரதி இதில் அவருக்கு ஒரு துளியும் உதவாது. ஃபைஸ் அஹமத் ஃபைஸ் 1979-இல் எழுதி, 1986-இல் லாகூரில் இக்பால் பானு பாடிப் புகழ்பெற்ற அந்த நஸ்மை எடுத்துக்கொள்வோம். அதன் முதற்சொல்லே ஹம். 2019 டிசம்பரில் கான்பூர் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் அதைச் சொன்னபோது, அது ஒரு மதத்தாருக்கு எதிரானது என்று புகார் எழுந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. புகாரை உற்றுப் பார்த்தால், புகார் கொடுத்தவர்கள் ஹம் என்பதை 'நாங்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டால் அது மிரட்டல், கேட்பவன் எதிரணியில் நிற்கிறான். தமிழில் இப்பாடலை 'நாங்கள்' என்று தொடங்கும் பெயர்ப்பை நாம் கண்டதுண்டு. வீறாக ஒலிக்கட்டும் என்று செய்திருப்பார்கள். வீறாகத்தான் ஒலிக்கிறது. புகார்தாரர்களுக்கு வேலை மிச்சம்.

பாடலுக்குள்ளேயே விடை இருக்கிறது. வீழப்போகும் கொடுங்கோலர்கள் அதில் படர்க்கையில் வருகிறார்கள், முன்னிலையில் அல்லர். இறுதிப் பகுதியில் ஆளப்போகும் மக்கள் திரளைச் சொல்லும்போது, அத்திரளில் நான் இருக்கிறேன் என்பதோடு கேட்கும் நீயும் இருக்கிறாய் என்று ஃபைஸ் சேர்த்துவிடுகிறார். முன்னிலையான் உள்ளே வந்துவிட்ட பிறகு தன்மைப் பன்மை எதுவாக இருக்க முடியும் என்பதை நம் இளங்கலை முதலாண்டு மாணவர் சொல்வார். அது 'நாம்'. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளுமாறு அப்பெயர்ப்பாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.